நம்ம எஃப்டி காசு நிலக்கரிக்குப் போற வழி

2020 நவம்பர் 27, சிட்னி கிரவுண்ட்ல இந்தியா ஆஸ்திரேலியா ஒன்டே மேட்ச். கொரோனாவுக்கு அப்புறம் ஜனங்கள உள்ள விட்டு நடத்தின மேட்ச்ங்கறதால நம்ம ஊர்லயும் காலைலயே டிவி முன்னாடி உக்காந்தாச்சு. ஆட்டம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஒருத்தர் கைல அட்டையோட பிட்ச் பக்கமா நடந்து வந்தார். வழக்கமா ஓடி வர்றவங்க பிளேயர கட்டிப்பிடிக்கத்தான் வருவாங்க, இவர் அட்டைல இருந்ததோ ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா பேரு. அதானிக்கு 100 கோடி டாலர் கடன் குடுக்காதேன்னு எழுதியிருந்துச்சு. எங்க வீட்ல பக்கத்துல உக்காந்திருந்த சித்தப்பா, ரிட்டயர்மென்ட் காசு மொத்தத்தையும் எஸ்பிஐ எஃப்டில போட்டு வச்சிருக்கிறவர், "நம்ம பேங்க்க பத்தி இந்த வெள்ளக்காரனுக்கு என்ன கவலை"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு.

அந்த அட்டை பின்னாடி இருந்த கதை கார்மைக்கேல் சுரங்கம். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து மாநிலத்துல கலிலி படுகைன்னு ஒரு இடம், அதுவரைக்கும் யாரும் பெருசா தோண்டாத நிலக்கரி பூமி. அதானி குரூப் அங்க வருஷத்துக்கு 6 கோடி டன் வெட்டுற மாதிரி பிளான் போட்டாங்க. 2014 நவம்பர்ல பிரதமர் மோடி ஜி20 மாநாட்டுக்காக பிரிஸ்பேன் போனப்போ எஸ்பிஐ ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுச்சு, 100 கோடி டாலர் வரைக்கும் கடன் தரலாம்னு. நம்ம ஊர்லயே எதிர்ப்பு வந்துச்சு, அந்த ஒப்பந்தம் பேச்சோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் ஆஸ்திரேலியாவோட 4 பெரிய பேங்கும் ஒண்ணொண்ணா கழண்டுகிச்சு, 2017 கடைசில சீனாவோட பெரிய பேங்குகளும் நாங்க இல்லன்னு சொல்லிட்டாங்க. கடைசில 2018ல பிளான வருஷத்துக்கு 1 கோடி டன்னுன்னு சுருக்கி, எங்க சொந்தக் காசுலயே பண்ணிக்கிறோம்னு அறிவிச்சாங்க. 2020ல எஸ்பிஐ மறுபடியும் 5,000 கோடி ரூபா தரப்போகுதுன்னு செய்தி வந்தப்பதான் அந்த ஆள் அட்டையோட உள்ள வந்தது. அதே சமயத்துல பிரான்ஸ்ல இருக்கிற அமுந்தி, எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டோட கூட்டாளி கம்பெனி, இந்தக் கடன குடுத்தா நாங்க வச்சிருக்கிற உங்க பசுமைப் பத்திரங்கள, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்ல திட்டங்களுக்குன்னு சொல்லி எஸ்பிஐ காசு திரட்டின பத்திரங்கள, வித்துருவோம்னு வெளிப்படையாவே சொன்னாங்க.

ஒரு பக்கம் பசுமைப் பத்திரம், இன்னொரு பக்கம் நிலக்கரிக் கடன். ரெண்டும் ஒரே பேங்க்.

சுரங்கம் நின்னுச்சான்னா, இல்ல. 2021 டிசம்பர் கடைசில முதல் கப்பலுக்கு கரி ரெடியாயிடுச்சு. ஆனா 6 கோடி டன் 1 கோடி டன்னாச்சு. பேங்க் கைய விரிச்சதோட பலன் அவ்ளோதான், கம்மின்னும் சொல்ல முடியாது, ஜெயிச்சாச்சுன்னும் சொல்ல முடியாது.

சரி, இப்போ அடிப்படைக்கு வருவோம். அனல் மின் நிலையம்னா நமக்கு கண்ணுல வர்றது உயரமான புகைபோக்கி, சாம்பல் குளம், எண்ணூர்ல முகத்துவாரம் சாம்பலா மாறிக் கிடக்கிற போட்டோ. பேங்க்காரன் கண்ணுல அதே நிலையம் ஒரு பேப்பர். 25 வருஷத்துக்கு மாசாமாசம் பணம் வரும்னு சொல்ற ஒரு ஒப்பந்தம், அது மேல எழுதின ஒரு கடன். இந்த ரெண்டாவது பார்வைதான் விஷயத்துக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா முதல்ல கட்டப்படுறது கடன், புகைபோக்கி அதுக்கு அப்புறம்தான் எழும்புது.

ஒரு சாதாரண கணக்கு போட்டுப் பார்க்கலாம். உடன்குடி மாதிரி 660 மெகாவாட் ரெண்டு, ஆக 1,320 மெகாவாட். இன்னைக்கு மெகாவாட்டுக்கு சுமார் 10 கோடின்னு வச்சா 13,000 கோடி ரூபா. இதுல கட்டுறவங்க கைக்காசு 25ல இருந்து 30 சதவீதம்தான், மிச்சம் கடன். 9,000 கோடி கடன், 10 சதவீத வட்டின்னு எடுத்துக்குங்க, வருஷத்துக்கு 900 கோடி, அதாவது ஒரு நாளைக்கு ரெண்டரை கோடி வட்டி மட்டும். நிலையம் முக்கால் பங்கு ஓடுச்சுன்னா வருஷத்துக்கு 860 கோடி யூனிட் சொச்சம் வரும், ஆக யூனிட்டுக்கு ஒரு ரூபா வட்டிக்கே போகுது, இன்னும் ஒரு துண்டு கரி கூட வாங்கல. இது நான் போட்ட உத்தேசக் கணக்கு, இருந்தாலும் அளவு புரியும்.

இப்போ பேங்க் என்ன கேக்கும்? இந்த கரண்ட யார் வாங்குவா, எத்தன வருஷத்துக்கு வாங்குவா. அதுக்குத்தான் பிபிஏன்னு சொல்ற மின் கொள்முதல் ஒப்பந்தம். அதுல விலை ரெண்டு துண்டா இருக்கும். ஒண்ணு கரிக்கான விலை, எவ்ளோ ஓடுதோ அவ்ளோ. இன்னொண்ணு ஃபிக்ஸட் சார்ஜ், கடன் அசல், வட்டி, முதலாளியோட லாபம் எல்லாம் இதுலதான் இருக்கும். நிலையம் ஓடத் தயாரா இருந்தா போதும், நீங்க கரண்ட் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஃபிக்ஸட் சார்ஜ் கட்டியே ஆகணும். கல்யாண மண்டபம் மாதிரி, நீங்க வந்து சமைச்சாலும் சமைக்காட்டியும் வாடகை வாடகைதான். ஒரு வித்தியாசம், மண்டபத்துக்கு ஒரு நாள், இதுக்கு 25 வருஷம்.

இதுலதான் பருவநிலை விஷயம் வந்து மாட்டுது. மண்டப வாடகை ஏற்கனவே கட்டியாச்சுன்னா அந்த இடத்த சும்மா விட மனசு வருமா? மின்வாரியத்துக்கும் அதேதான். வெயில் நல்லா அடிக்குது, சோலார் கரண்ட் கம்மி விலைக்குக் கிடைக்குது, ஆனா கரி நிலையத்துக்கு ஃபிக்ஸட் சார்ஜ் போயிட்டே இருக்கு, புதுசா சோலார் ஒப்பந்தம் போட்டா அது ரெட்டைச் செலவு மாதிரி தெரியும். அதனால இன்னைக்கு கையெழுத்தாகிற கடன் 2050 வரைக்கும் நம்ம கையக் கட்டிப்போடுது. ஒரு யூனிட் நிலக்கரி கரண்ட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், புது டெக்னாலஜின்னா கொஞ்சம் கம்மி. மேல சொன்ன 1,320 மெகாவாட்டுக்கு வருஷம் 70, 80 லட்சம் டன் வரும். 30 வருஷம் ஓடுச்சுன்னா 20 கோடி டன்னத் தாண்டிடும். கடன் பத்திரத்துல பேங்க் மேனேஜர் கையெழுத்து போடுற அந்த ஒரு நிமிஷத்துல இந்த 20 கோடி டன்னும் முடிவாயிடுச்சுன்னு சொன்னா மிகை இல்ல.

இத அளக்கிறதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, கடன் வழியா வர்ற உமிழ்வு. பேங்க்கோட சொந்த உமிழ்வுன்னா ஆபீஸ் ஏசி, ஜெனரேட்டர், மேனேஜரோட கார், அவ்ளோதான். கடன் குடுத்த கம்பெனிங்க விடுற புகைல பேங்க்கோட பங்கு எவ்ளோன்னு கணக்கு போட்டா அது இத விட பல நூறு மடங்கு போகும். ஆனா நம்ம ஏடிஎம் என்ன கேக்குது, ரசீது வேணுமா, காகிதத்த மிச்சப்படுத்தி மரத்தக் காப்பாத்துங்கன்னு. எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும், இவங்க காப்பாத்தச் சொல்ற மரம் எதுன்னு.

இந்தியாவுல இந்தக் கடன் எப்படி மலை மாதிரி ஏறுச்சுங்கறது தனிக் கதை, அத கொஞ்சம் நிதானமாவே சொல்லணும். 2003 மின்சாரச் சட்டம் வந்ததும் தனியார் கம்பெனிங்களுக்கு வாசல் திறந்தாச்சு. 2006, 2007ல பொருளாதாரம் 9 சதவீதம் வளருது, கரண்ட் பத்தல, யார் வந்து 1,000 மெகாவாட் போடுறேன்னாலும் பேங்க் கேக்காம குடுத்த காலம். எஸ்பிஐ முன்னாடி நிக்கும், பின்னாடி 10, 15 பொதுத்துறை பேங்க் கன்சார்ட்டியமா சேர்ந்துக்கும், ஒருத்தர் படிச்சுப் பார்த்திருப்பார்னு இன்னொருத்தர் நம்புவார், கடைசில யாருமே சரியா படிக்கல. நம்ம போடுறது 1 வருஷம், 3 வருஷம், 5 வருஷ எஃப்டி, அத வச்சு அவங்க 15 வருஷக் கடன் குடுத்தாங்க. அதுவே ஒரு ஆபத்து.

அல்ட்ரா மெகா நிலையங்கள்னு ஒரு திட்டம், ஒவ்வொண்ணும் 4,000 மெகாவாட். இத முன்னாடி நின்னு நடத்தினது பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன், பிஎஃப்சி, மின் திட்டங்களுக்கு கடன் குடுக்கிற அரசுக் கம்பெனி. தமிழ்நாட்டுக்கு செய்யூர்ல ஒண்ணு போட்டிருந்தாங்க, கடைசி வரைக்கும் வரவே இல்ல, ஒரு விதத்துல தப்பிச்சோம். முதல்ல எழும்பினது குஜராத்துல முந்த்ரா, டாடா பவர். யூனிட் 2 ரூபா 26 பைசான்னு ஏலம் எடுத்தாங்க, அந்தக் காலத்துலயே எல்லாரும் வாயப் பொளந்தாங்க. எஸ்பிஐ கூடவே உலக வங்கிக் குடும்பத்துல இருக்கிற ஐஎஃப்சி 45 கோடி டாலர், ஆசிய வளர்ச்சி வங்கி இன்னொரு 45 கோடி டாலர்னு கடன் குடுத்தாங்க. வளர்ச்சி வங்கின்னு பேரு வச்சுகிட்டு 4,000 மெகாவாட் கரிக்கு கடன் குடுத்ததுக்கு அவங்க சொன்ன காரணம், இது மத்த நிலையத்த விட கம்மியா புகை விடும்னு.

கரி இந்தோனேஷியாவுல இருந்து வர்றதா பிளான். 2010, 2011ல இந்தோனேஷியா ஏற்றுமதி விலைக்கு புது விதி கொண்டு வந்துச்சு, உலக விலைக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு. அவ்ளோதான், 2 ரூபா 26 பைசா கணக்கு கவுந்துச்சு. வெளிநாட்டுச் சட்டம் மாறினா இங்க விலைய ஏத்த முடியாதுன்னு 2017 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ரெண்டு மாசத்துல டாடா பவர் என்ன பண்ணாங்கன்னா, நிலையத்தோட 51 சதவீத பங்க வெறும் ஒரு ரூபாய்க்கு குஜராத் அரசே எடுத்துக்கட்டும்னு சொன்னாங்க. 4,000 மெகாவாட், ஒரு ரூபா. டீ கூட கிடைக்காது அந்த விலைக்கு.

முந்த்ராவுல இன்னொரு கூத்தும் நடந்துச்சு. சுடுதண்ணி கடல்ல கலக்குது, மீன் இல்ல, சாம்பல் காத்துல வருதுன்னு அங்க இருக்கிற மீனவர்களும் விவசாயிகளும் ஐஎஃப்சி மேல அமெரிக்காவுலயே கேஸ் போட்டாங்க. சர்வதேச அமைப்பு, எங்க மேல கேஸ் போட முடியாதுன்னு ஐஎஃப்சி நின்னுச்சு. 2019 பிப்ரவரில அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 1ன்னு தீர்ப்பு குடுத்துச்சு, முழு விலக்கெல்லாம் கிடையாது, கேஸ் போடலாம்னு. அப்புறம் கீழ கோர்ட்ல, நடந்தது எல்லாம் இந்தியாவுல, அமெரிக்காவுல விசாரிக்க முகாந்திரம் இல்லன்னு தள்ளிட்டாங்க. மீனவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல, ஆனா கடன் குடுத்தவனையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம்ங்கற பயம் உலகம் முழுக்க பேங்குகளுக்கு அன்னைக்குத்தான் வந்துச்சு.

மத்த நிலையங்கள் கதையும் இதே வண்டவாளம்தான், காரணம் மட்டும் வேற வேற. 2014 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் 200க்கும் மேல நிலக்கரி சுரங்க ஒதுக்கீட்ட ரத்து பண்ணிச்சு, சுரங்கத்த நம்பி கட்டினவங்க நடுத்தெருவுல நின்னாங்க. மாநில மின்வாரியங்ககிட்ட காசு இல்ல, புது பிபிஏ போடல. நிலையம் நிறைய ஆயிடுச்சு, எதிர்பார்த்த தேவை வரல. 2007, 2008 வாக்குல 78 சதவீதம் ஓடிட்டு இருந்த அனல் நிலையங்கள் 2019-20ல சராசரியா 56 சதவீதம்தான் ஓடுச்சு. 2018 மார்ச்ல நாடாளுமன்றத்தோட எரிசக்தி நிலைக்குழு ஒரு அறிக்கை குடுத்துச்சு, 34 நிலக்கரி நிலையங்கள் மூச்சுத் திணறுது, சுமார் 40,000 மெகாவாட், மேல நிக்கிற கடன் கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் லட்சம் கோடி ரூபா.

ரிசர்வ் வங்கி அதுக்கு முந்தின மாசம், 2018 பிப்ரவரி 12ல, ஒரு சர்க்குலர் விட்டிருந்துச்சு. தவணை ஒரு நாள் தவறினாலே கணக்குல எடுக்கணும், 2,000 கோடிக்கு மேல கடன்னா 180 நாள்ல தீர்வு வரணும், இல்லாட்டி திவால் கோர்ட். மின் கம்பெனிங்க அலறிட்டாங்க. கேஸ் உச்ச நீதிமன்றம் போய் 2019 ஏப்ரல் 2ல சர்க்குலர் செல்லாதுன்னு தீர்ப்பாச்சு, அந்தத் தீர்ப்புக்கு பேரே நம்ம தமிழ்நாட்டு தரணி சுகர்ஸ் பேர்லதான் இருக்கு. கரும்புக் கம்பெனி பேர்ல கரிக் கம்பெனிங்களுக்கு மூச்சு வந்துச்சு.

நடுவுல 2017 அக்டோபர்ல மத்திய அரசு பொதுத்துறை பேங்குகளுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி மூலதனம் ஏத்தப் போறோம்னு அறிவிச்சாங்க, மின்சாரம் மட்டும் இல்ல, ஸ்டீல், ரோடுன்னு எல்லா வாராக்கடன் ஓட்டையையும் சேர்த்து அடைக்கிறதுக்கு. வரி கட்டுற எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நிலக்கரிக்கு மொய் எழுதினோம்னு வச்சுக்குங்க. அந்தச் சூட்டுல பேங்குகள் புது நிலையத்துக்கு கடன் குடுக்கவே பயந்தாங்க. 2017ல நிலக்கரி நிலையங்களுக்குப் போன கடன் 60,000 கோடிக்கு மேல, 2018ல அது 6,000 கோடி சொச்சம். அப்போ நிறைய பேர் எழுதினாங்க, இந்தியாவுல நிலக்கரி முடிஞ்சுச்சு, பேங்க்கே ஓடிப் போச்சுன்னு. நானும் அத நம்பினவன்தான்.

தப்பு. ஓடினது புதுக் கடன்தான், பழைய நிலையம் அங்கயேதான நிக்குது. கடன் திவாலானா நிலையம் மூடிடும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. நடந்தது நேர் எதிர். நம்ம தூத்துக்குடில கோஸ்டல் எனர்ஜென், முத்தியாரா நிலையம், 600 மெகாவாட் ரெண்டு. இறக்குமதி கரி, விலை ஏறுச்சு, கடன் கட்ட முடியல, 2022ல திவால் நடவடிக்கைக்குப் போச்சு. கடன் குடுத்தவங்க கேட்ட தொகை 12,000 கோடிக்கு மேல. 2024ல அதானி பவர் இருந்த கூட்டணி 3,300 கோடி சொச்சத்துக்கு எடுத்துச்சு. இப்படி கடன்ல ஒரு பங்க பேங்க் விட்டுக்குடுக்கிறத ஹேர்கட்னு சொல்றாங்க, என்னைக் கேட்டா இது முடி வெட்டு இல்ல, மொட்டை. மெகாவாட்டுக்கு 3 கோடி கூட ஆகல, புதுசா கட்டினா 10 கோடி.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இந்த நிலையத்துக்கும் தமிழ்நாடு மின்வாரியத்துக்கும் 558 மெகாவாட்டுக்கு ஒரு நீண்ட கால ஒப்பந்தம் இருக்கு. 2013ல நம்ம மின்வாரியம் 11 கம்பெனிகள்கிட்ட 3,330 மெகாவாட், யூனிட் 4 ரூபா 91 பைசா, 15 வருஷத்துக்குன்னு போட்டதுல ஒண்ணு அது. அன்னைக்கு விலை கேட்டப்போ கம்பெனி கணக்குல முழுக்கடனும் வட்டியும் இருந்துச்சு. இன்னைக்கு அந்தக் கடன்ல முக்கால்வாசி காத்துல போச்சு, பேங்க் தலைல விழுந்துச்சு. ஆனா பழைய ஒப்பந்தம் அப்படியே தொடருது. பேங்க்குக்கு வந்த நஷ்டம் கரண்ட் பில்லுல குறையல, புது முதலாளிக்கு லாபமா போச்சு. நஷ்டத்துக்கு மூலதனம் ஏத்தினதும் நம்ம காசு, 4 ரூபா 91 பைசா கட்டுறதும் நம்ம காசு.

அதே 11 பேர்ல இன்னொண்ணு சத்தீஸ்கர்ல கேஎஸ்கே மகாநதி. அதுவும் திவால், 2025ல ஜேஎஸ்டபிள்யூ எனர்ஜி 16,000 கோடிக்கு எடுத்துச்சு. இது முத்தியாரா மாதிரி அடிமாட்டு விலை இல்ல, பெரிய கம்பெனிங்க போட்டி போட்டு விலைய ஏத்தினாங்க. ஏன் ஏறுச்சு? 2022க்கு அப்புறம் கரண்ட் தேவை எகிறிடுச்சு. 2024 மே 30ல நாட்டோட உச்ச தேவை 250 கிகாவாட்ட, அதாவது ரெண்டரை லட்சம் மெகாவாட்ட தொட்டுச்சு, அந்த வாரம் வடக்குல வெயில்ல ஆளுங்க செத்துட்டு இருந்தாங்க. வெயில் ஏற ஏற ஏசி ஓடும், ஏசி ஓட கரி எரியும், கரி எரிய வெயில் ஏறும். இந்தச் சுத்துல லாபம் பார்க்கிறது யாருன்னா 2019, 2020ல செத்துப் போச்சுன்னு நினைச்ச நிலையத்த கம்மி விலைக்கு வாங்கி வச்சவங்கதான். வாராக்கடன் நிலக்கரிய கொல்லல, மலிவாக்கி விட்டுச்சு.

இனி பிஎஃப்சி, ஆர்இசி. இந்த ரெண்டு பேரையும் பேங்க்னு யாரும் நினைக்கிறதில்ல, உங்க தெருவுல அவங்க கிளை இருக்காது, எஃப்டி போட முடியாது. ஆனா இந்தியாவுல கரண்ட் சம்பந்தமான கடன்ல இவங்கதான் பெரிய கை. ஆர்இசின்னா ஒரு காலத்துல கிராமத்துக்கு கரண்ட் கொண்டு போறதுக்காக ஆரம்பிச்ச கம்பெனி, இன்னைக்கு பெரிய பெரிய அனல் நிலையத்துக்கு கடன் குடுக்குது. 2019 மார்ச்ல ஆர்இசில இருந்த அரசுப் பங்க 14,500 கோடிக்கு பிஎஃப்சி வாங்கிடுச்சு, அரசு தன்னோட ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாத்துன மாதிரி. பேங்குகள் பயந்து ஒதுங்கின இடத்துல இவங்க வந்து நின்னாங்க. ஜார்கண்ட்ல கோட்டாவுல அதானியோட 1,600 மெகாவாட் நிலையம், இறக்குமதி கரில ஓடி கரண்ட பங்களாதேஷுக்கு விக்கறதுக்குன்னே கட்டினது, அதுக்கு கடன் இவங்கதான். சிட்னில அட்டை தூக்கினாங்களே அந்த கார்மைக்கேல் கரிய எரிக்க பிளான் போட்டதும் இந்த கோட்டாவுலதான். பேங்க் முன் வாசல்ல இல்லன்னு சொன்னா பின் வாசல்ல வேற பேர்ல கடன் நிக்குது.

நம்ம மின்வாரியமும் பெரும்பாலும் இவங்ககிட்டதான் வாங்குது, நிலையம் கட்டவும் வாங்குது, கரி வாங்கின பாக்கிய அடைக்கவும் வாங்குது. இவங்களுக்கு காசு எங்க இருந்து வருது? பாண்டு, அதாவது கடன் பத்திரம். அத வாங்குறது எல்ஐசி, பிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட். நிலத்த வித்துட்டு வரிய மிச்சம் பிடிக்க 54இசி பாண்டு வாங்கினவங்க இத படிக்கிறவங்கள்ல ஒருத்தராவது இருப்பீங்க, அது பெரும்பாலும் ஆர்இசி, பிஎஃப்சி பாண்டுதான். சித்தப்பாகிட்ட இத சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "வட்டி கரெக்டா வருதேடா"ன்னாரு. அதுவும் உண்மைதான்.

வெளிநாட்டு பேங்குகள் பத்தி ரொம்ப பேச எனக்கு இப்போ ஆர்வம் இல்ல, ஏன்னு சொல்றேன். 2021 ஏப்ரல்ல, நாங்க குடுக்கிற கடன் வழியா வர்ற உமிழ்வ 2050க்குள்ள நிகர பூஜ்யமாக்குவோம்னு நெட் ஜீரோ வங்கிக் கூட்டணின்னு பெருசா ஆரம்பிச்சாங்க, ஒரு கட்டத்துல 140 பேங்க் வரைக்கும் சேர்ந்துச்சு. 2024 தேர்தல்ல டிரம்ப் ஜெயிச்சதும் டிசம்பர், ஜனவரிக்குள்ள அமெரிக்காவோட 6 பெரிய பேங்கும் வரிசையா வெளிய போச்சு, 2025 ஜூலைல எச்எஸ்பிசி, அக்டோபர்ல கூட்டணியே கடைய மூடிடுச்சு. நாலரை வருஷம். பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அப்புறம் 2016ல இருந்து 2023 வரைக்கும் உலகத்தோட 60 பெரிய பேங்குகள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுக்கு குடுத்தது 6.9 லட்சம் கோடி டாலர்னு தன்னார்வ அமைப்புகள் கணக்கு போட்டிருக்காங்க.

அவங்க நிலக்கரிக் கொள்கைன்னு போடுறதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. "புது நிலக்கரி நிலையத்துக்கு ப்ராஜெக்ட் லோன் தர மாட்டோம்"ன்னு எழுதியிருப்பாங்க. அதே கம்பெனி பொதுச் செலவுக்குன்னு கடன் கேட்டா தருவாங்க, பாண்டு வித்துக் குடுப்பாங்க. கிணத்துல ஒரு வாளிய மட்டும் பூட்டி வச்ச மாதிரி, தண்ணி ஒரே கிணத்துல இருந்துதான வருது. வருமானத்துல 25 சதவீதத்துக்கு மேல கரில இருந்து வந்தா மட்டும்தான் தடைன்னு இன்னொரு விதி, பெரிய குரூப்னா சோலார், துறைமுகம், ஏர்போர்ட்னு சேர்த்து கணக்குல தப்பிச்சிடலாம்.

நிஜமா வேலை செஞ்ச தடை எதுன்னு பார்த்தா, அரசுப் பணம் நின்ன இடம்தான். 2021ல ஆசிய வளர்ச்சி வங்கி புது நிலக்கரி இல்லன்னு கொள்கை மாத்துச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல சீனா வெளிநாட்டுல புதுசா நிலக்கரி நிலையம் கட்ட மாட்டோம்னு ஐநாவுல சொன்னாங்க. இதோட கனம் தெரியணும்னா இலங்கைல நுரைச்சோலையப் பாருங்க, 900 மெகாவாட், சீன எக்சிம் பேங்க் கடன். திருகோணமலை பக்கம் சம்பூர்ல நம்ம மத்திய அரசு மின் கம்பெனி என்டிபிசி ஒரு நிலக்கரி நிலையம் கட்டுறதா இருந்துச்சு, போர்ல இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனங்க எதிர்த்தாங்க, 2016ல கைவிட்டாச்சு, இப்போ அதே சம்பூர்ல சோலார். அதுக்காக இந்தியா திருந்திடுச்சுன்னு இல்ல, பங்களாதேஷ்ல சுந்தரவனத்துக்குப் பக்கத்துல ராம்பால் 1,320 மெகாவாட்டுக்கு நம்ம எக்சிம் பேங்க் 160 கோடி டாலர் குடுத்திருக்கு.

இந்தியாவுக்குள்ள இப்போ நிலவரம் வினோதமா இருக்கு. 2025ல நிறுவுதிறன்ல, அதாவது கட்டி வச்சிருக்கிற மொத்த மெகாவாட்ல, பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாததுன்னு ஆயிடுச்சு, நல்ல செய்தி. ஆனா எரியற கரண்ட்ல முக்கால் பங்கு பக்கம் இன்னும் கரிதான். 2024-25ல நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னத் தாண்டுச்சு, கொண்டாடுனாங்க. 2032க்குள்ள இன்னும் 80 கிகாவாட்டாவது நிலக்கரி வேணும்ங்கறது அரசோட கணக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல சோலார் இல்ல, என்ன பண்றதுன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி, நான் மறுக்கல. ஆனா புது நிலக்கரி கரண்ட் ஏலத்துல யூனிட் 5 ரூபா 30 பைசால இருந்து 6 ரூபாய்னு வருது, சோலார் ரெண்டரை ரூபா, பேட்டரி விலை வருஷா வருஷம் விழுது. 25 வருஷத்துக்கு இந்த 6 ரூபாய்க்கு கையெழுத்து போட்டுட்டு, 10 வருஷத்துல பேட்டரி மலிவாயிட்டா, மறுபடியும் அதே 40,000 மெகாவாட் கதைதான். பேங்க்காரங்களுக்கு ஞாபகம் அவ்ளோ சீக்கிரம் போயிடுமான்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு.

ரிசர்வ் வங்கி என்ன பண்ணுதுன்னா, மெல்ல நடக்குது. 2021ல மத்திய வங்கிகளோட பசுமை வலையமைப்புல சேர்ந்துச்சு, 2023ல பசுமை டெபாசிட்டுக்கு விதி போட்டுச்சு, 2024 பிப்ரவரில பேங்குகள் பருவநிலை ஆபத்த வெளிய சொல்லணும்னு ஒரு வரைவு விட்டுச்சு. கட்டி முடிக்காத திட்டக் கடனுக்கு 5 சதவீதம் ஒதுக்கி வைக்கணும்னு 2024 மே மாசம் ஒரு வரைவு வந்தப்போ பேங்க் ஷேரெல்லாம் விழுந்துச்சு, 2025 ஜூன்ல இறுதி விதி வந்தப்போ அது 1 சதவீதமா இளைச்சுப் போச்சு. புகைல இருந்து கந்தக டை ஆக்சைட பிரிச்செடுக்க எஃப்ஜிடின்னு ஒரு கருவி வைக்கணும்ங்கற 2015 விதியும் தள்ளித் தள்ளிப் போயி 2025 ஜூலைல முக்கால்வாசி நிலையங்களுக்கு விலக்கே குடுத்தாச்சு. கடன் குடுக்கிறவனுக்கு இது ஒரு செய்தி சொல்லுது, விதிய பார்த்து பயப்பட வேண்டாம், கடைசில தளர்த்திடுவாங்கன்னு.

இன்னொரு பக்கம் பேங்க்கோட சொந்த ஆபத்தும் இருக்கு. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி மாவட்டத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஒரு வருஷ மழை ஒரு நாள்ல. வாழை போச்சு, உப்பளம் போச்சு, கடைங்க போச்சு. அந்த வாழைக்கும் உப்பளத்துக்கும் கடன் குடுத்திருந்தது யாரு, அதே பேங்க்தான். ஒரு நிலையத்தோட புகையால அந்த மழை வந்துச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா சூடான கடல் அதிக ஈரத்த காத்துல ஏத்தும்ங்கறது பள்ளிக்கூட அறிவியல். ஒரே பேங்க்கோட ஒரு லெட்ஜர்ல நிலக்கரி, இன்னொரு லெட்ஜர்ல வாழை, ரெண்டையும் சேர்த்து யாரும் கூட்டிப் பார்க்கிறதில்ல.

2013ல போட்ட அந்த 4 ரூபா 91 பைசா ஒப்பந்தங்கள் 2028ல முடியுது. 3,330 மெகாவாட். புதுப்பிக்கலாம், விடலாம், விலைய பேரம் பேசலாம். முத்தியாரா நிலையத்துல இப்போ மேல நிக்கிற முதலீடு பழைய கடன்ல கால் பங்கு சொச்சம்தான்னு மின்வாரியத்துக்கும் தெரியும். மறுபடியும் கையெழுத்து போடணும்னா மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட அனுமதி வேணும். ஆணையம் கட்டணம் ஏத்துறதுக்கு முன்னாடி பொதுக் கருத்துக் கேட்பு வைப்பாங்க, யார் வேணும்னாலும் போய் பேசலாம், எழுதியும் குடுக்கலாம். சித்தப்பாவ கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன், ஆனா காலைலயே வச்சாங்கன்னா அவர் வரமாட்டார், அன்னைக்கு மேட்ச் ஏதாவது இருக்கும்.